இருபத்தேழாவது வரி

பதினொரு வருடமாக அந்தத் தாளை
நான்தான் தட்டச்சு செய்தேன்.
குப்பை லொறி போகும் பாதை.
முதல் வரி கறுவாத்தோட்டம், காலை ஐந்தரை.
இருபத்தேழாவது வரி முகத்துவாரம்.
நேரம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.

ஒவ்வொரு தையிலும் திகதியை மாத்திரம் மாற்றுவேன்.
எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்த குலதுங்கவும் அப்படித்தான்.
யாரும் எழுதாத தாள்,
எல்லாரும் பிரதி எடுத்தது.

என் வீடு கொட்டாஞ்சேனை. பதினான்காவது வரி.
நடுவில் இருப்பவனுக்கு
தலையும் தெரிவதில்லை, வாலும் நாறுவதில்லை.

ஆனியில் புதிய குழுத்தலைவி வந்தார், நஸ்லியா ஜவ்பர்.
மேசையில் பையை வைத்துவிட்டு
"நாளைக்கு லொறியில் எனக்கு இடமிருக்குமா?" என்றார்.
விடிய, சாரதி சுனெத்தின் பக்கத்தில்
மூக்கைப் பொத்தாமல் இருபத்தேழு வரியும் போய் வந்தார்.

"பத்தொன்பதில் லொறி நிரம்பிவிடுகிறது.
மிச்ச எட்டு இடத்துக்கும் நாங்கள் போவது
ஹோர்ன் அடிக்க."

இரண்டாம் நடைக்கு டீசல் இல்லை மெடம் என்றார் பொறியியலாளர்.
நாலு வருடமாகக் கேட்கிறோம், கோப்பு இருக்கிறது,
காட்டவா?
"கோப்பு வேண்டாம். தாளைக் கீழிருந்து எழுதுங்கள்.
கறுவாத்தோட்டம் கடைசியில் நிற்கட்டும்.
டீசல் தானாக வரும்."

கணினி ஒரு நொடியில் தலைகீழாக்கியது.
பதினொரு வருடமும் அந்த ஒரு நொடி
என் விரலடியில்தான் கிடந்திருக்கிறது.

திங்கள் முழுக்க ரெலிபோன்.
"நாங்கள் வரி கட்டுகிறவர்கள்" என்றது ஒரு குரல், ஆங்கிலத்தில்.
என் தலைக்குள் அது தமிழில் விழுந்தது:
வரி கட்டுகிறவர்களுக்கு முதல் வரி.
"பதினொன்றரைக்கு வரும், சேர்" என்றேன்.
மூடி போட்ட தொட்டி, வாசலில் காவலாளி.
பதினொன்றரை வரைக்கும் ஒரு மாம்பழத் தோல் பொறுத்திருக்கும்.

வியாழன் டீசல் வந்தது.
நாலு வருடக் கோப்பை யாரும் திறக்கவேயில்லை.

ஆனால் முகத்துவாரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.
முதல் நாள் ஐந்தரைக்கு ஹோர்ன் கேட்டதும்
ஒழுங்கை முழுக்க வெளியே ஓடி வந்தது.
கையில் குப்பை இல்லை.
அடையாள அட்டை, மின்சார பில்,
பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்,
எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள்.
விடியற்காலையில் சபை வாகனம் வந்தால்
வீடு உடைக்கத்தான் என்று அவர்களுக்குப் பழக்கம்.
துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்த ரீற்றா
லொறிக்கு முன்னால் கை விரித்து நின்றாள்.
சுனெத் எஞ்சினை நிறுத்தி இறங்கி
சிங்களத்தில் ஒருமுறை, தெரிந்த தமிழில் ஒருமுறை சொன்னான்:
"குப்பை அக்கா. குப்பைக்குத்தான்."

இதை நஸ்லியாவிடம் சொன்னேன்.
பேனை மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி,
ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டார், அந்த ஒழுங்கைக்குப் பின்னால்
இன்னொன்று போகிறதே, அது எத்தனையாவது வரி?
இல்லை என்றேன். தாளில் இல்லை.
லொறி நுழையாது, வரைபடத்திலும் கிடையாது.
"கைவண்டி நுழையும்தானே?"

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
பழைய தாளுக்கே திரும்ப ஒரு பிரேரணை.
எங்களுக்குப் பத்துக் கை நிச்சயம் என்கிறார்கள்.
அவர்களுக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது.

பெயர் கேட்கப் போனேன் நேற்று.
சந்தோசி ஒழுங்கை என்றார்கள், பள்ளத்துத் தோட்டம் என்றார்கள்,
ஒரு பொடியன் "நீங்களே வையுங்கோ" என்றான்.
முடிவாகவில்லை.

ஆகையால் இன்றைய தாளில், எல்லாவற்றுக்கும் மேலே,
நேரம்: காலை ஐந்து இருபது.
பெயர் என்ற கட்டத்தில்
ஒரு சிறு கோடு.